மலைக்கு ஒரு வேலி

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்சார ரயிலில், திரிசூலம் வந்ததும் என் கண் தானாக ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். சிறு பிராயத்துப் பழக்கம். அங்கே ஒரு மலை உண்டு. உண்டு என்று சொல்வதைக் காட்டிலும், மிச்சம் இருக்கிறது என்று சொல்வதே பொருந்தும். உள்ளே குடைந்து எடுத்த பள்ளத்தில் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது.

பல்லாவரத்தில் நாங்கள் குடியிருந்த நாளில், பிற்பகலில் வெடிச் சத்தம் கேட்கும். அலமாரியில் தம்ளர்கள் கிணுகிணுக்கும். "மலையை உடைக்கிறாங்க" என்பாள் அம்மா, தேங்காயை உடைப்பதைச் சொல்வது போல.

அந்தப் பல்லாவரத்துக்குச் சரித்திரத்தில் ஒரு பெருமை உண்டு. 1863-ஆம் வருஷம் மே 30-ஆம் தேதி, ராபர்ட் புரூஸ் பூட் என்ற மண்ணியல் அறிஞர் அங்கே ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு அதுவே முதல் சாட்சி. அவனும் கல் உடைத்தவன்தான். ஆனால் தன் கைக்கு வேண்டிய அளவு உடைத்தான்.

அடுத்த வருஷம், 1864-இல், அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, ஜனாதிபதி லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டி என்ற மலைப் பள்ளத்தாக்கை, என்றைக்கும் கைமாற்றக் கூடாத பொதுச் சொத்தாகக் கலிபோர்னியா மாகாணத்திடம் ஒப்படைத்தது அந்தச் சட்டம். 1872-இல் எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆயிற்று. நம் நாட்டில் 1936-இல் இமயமலை அடிவாரத்தில் ஹெய்லி தேசியப் பூங்கா பிறந்தது. இன்று அதற்கு ஜிம் கார்பெட்டின் பெயர்.

கேட்க இனிமையான கதைதான். ஆனால் யோசெமிட்டியில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடிகளை 1851-லேயே ஒரு படை விரட்டியடித்திருந்தது. 'பொது' என்று எழுதியபோது அவர்களை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நம் ஊர்ப் பக்கமே வருவோம். தாம்பரத்துக்குத் தெற்கே வண்டலூரிலும் குன்று உண்டு. அது இன்னும் முழுசாக நிற்கிறது. அந்தக் கல் மட்டும் உறுதியா? இல்லை. அது சர்க்காரின் காப்புக்காடு. 1976-இல் அதில் 1,265 ஏக்கரை மிருகக்காட்சி சாலைக்கென்று ஒதுக்கினார்கள். 1855-இல் சென்னையில் தொடங்கிய பழைய சாலை, 1985-இல் இங்கே இடம் மாறித் திறக்கப்பட்டது. ஒரு மலையைக் காப்பாற்றியது காகிதத்தில் போட்ட ஒரு கோடு.

அந்தக் கோடும் சாசுவதம் அல்ல. கிண்டிக் காட்டை 1910-இல் காப்புக்காடாக்கியபோது அது 505 ஹெக்டேர். 1978-இல் தேசியப் பூங்கா ஆனபோது சுமார் 270 ஹெக்டேர்தான். நடுவில் கல்வி நிலையம் வந்தது; தலைவர்களுக்கு நினைவு மண்டபங்கள் வந்தன. எதையும் கெட்ட காரியம் என்று சொல்ல முடியுமா? காட்டைத் தின்பவை பெரும்பாலும் நல்ல காரியங்கள்தாம்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒரு விஷயத்தை மறைப்பது நியாயமாகாது. தாம்பரத்தில் அப்பா வீடு கட்டியபோது, ஒரு நாள் காலையில் லாரி வந்து ஜல்லியைக் கொட்டியது. அப்பா ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எந்த மலைக் கல்லப்பா இது?"

"எல்லாம் நம்ம பல்லாவரம் மலைதான் சார். நூறு வருஷம் தாங்கும்" என்றார் டிரைவர்.

அப்பாவுக்குப் பரம திருப்தி. அந்த வீட்டில், அந்த ஜல்லியின் மேல் நிற்கும் மேஜையில்தான் இதை எழுதுகிறேன். கல்லே வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் எந்த மலையை உடைப்பது, எதை விட்டுவைப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று முதல் வெடி வைக்கும் முன்பே யாராவது கேட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. சுவருக்கு வெள்ளையடித்து, கிரகப்பிரவேசத்தன்று பாயசம் சாப்பிட்டோம்.