ஸ்கூல் டூர் என்றால் தீம் பார்க் மட்டும்தானா? அருங்காட்சியகக் களப்பயணம் எப்படி நடக்கும்... நாகரசம்பட்டியிலிருந்து எங்கெல்லாம் போகலாம்?

"டூர் போறோம்மா, திங்கட்கிழமைக்குள்ள காசு கட்டணும்." அரையாண்டுத் தேர்வு நெருங்கினாலே பல வீடுகளில் கேட்கும் குரல் இது. விடியற்காலை பஸ், மதியம் வரை தண்ணீர் சறுக்கு, சாயங்காலம் ஐஸ்கிரீம், நள்ளிரவில் வீடு. பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான், அதில் தப்பே இல்லை. ஆனால் காசு கட்ட முடியாத நாலு பேர் அன்றைக்கு வகுப்பறையிலேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டம் நாகரசம்பட்டி மாதிரியான ஊர்ப் பள்ளிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அது அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று இயற்கை அறிவியலைக் கண்ணால் பார்க்க வைக்கும் களப்பயணம். செலவு குறைவு, தூரமும் குறைவு. ஆனால் சரியாகத் திட்டமிடாவிட்டால் இதுவும் வெறும் 'சுத்திப் பார்த்தோம், வந்தோம்' கதையாகிவிடும்.

களப்பயணம் என்றால் என்ன, சுற்றுலாவிலிருந்து எப்படி மாறுபடுகிறது?

எளிமையாகச் சொன்னால், சுற்றுலாவில் இடத்தைப் பார்க்கிறோம். களப்பயணத்தில் ஒரு கேள்வியோடு போகிறோம். பாடப்புத்தகத்தில் 'பறவைகளின் அலகு அவற்றின் உணவுக்கு ஏற்ப அமைந்துள்ளது' என்று ஒரு வரி இருக்கும். மனப்பாடம் செய்தால் இரண்டு மதிப்பெண். அதே மாணவி பதப்படுத்தி வைத்த கொக்கையும் வாத்தையும் மீன்கொத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்து, நோட்டில் மூன்று அலகையும் வரைந்துவிட்டால், அதன் பிறகு அந்த வரியை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்குத் திரும்பி பாரூர் ஏரிக்கரையில் கொக்கைப் பார்க்கும்போது, அது ஏன் ஈட்டி மாதிரி குத்துகிறது என்று அவளுக்கே புரியும்.

உலகின் பெரிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் பள்ளிக் குழுக்களுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அந்த நகரப் பள்ளிக் குழுக்களுக்குக் கட்டணம் கிடையாது. இந்தியாவில் இந்த முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்தது டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். 1978 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று அது திறக்கப்பட்டது. பிள்ளைகள் மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்க்கவே அங்கு தனி அறை இருந்தது. 2016 ஏப்ரல் 26 அதிகாலை நடந்த தீவிபத்தில் அந்த அருங்காட்சியகம் எரிந்துபோனது. கட்டடத்தை மறுபடி கட்டலாம், சேகரித்த மாதிரிகளுக்கு மாற்று கிடையாது. 'எல்லாம்தான் யூடியூப்ல இருக்கே' என்று சொல்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்கலாம்.

பிள்ளைகள் ஏன் அங்கே போனதும் ஓடியாடுகிறார்கள்?

ஆசிரியர்களின் பெரிய புலம்பல் இதுதான். உள்ளே விட்டதும் ஓட்டம், சத்தம், யாரும் எதையும் படிப்பதில்லை. அது பிள்ளைகளின் குறும்பு மட்டும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஃபால்க்கும் அவருடைய குழுவினரும் 1970களிலேயே இதைக் கவனித்தார்கள். முற்றிலும் புதிய இடத்துக்கு வந்த குழந்தையின் மனம் முதலில் இடத்தைத்தான் அளக்கும். கழிவறை எங்கே, சாப்பாடு எப்போது, கடை இருக்கிறதா, நண்பன் எங்கே போனான்? இதற்கெல்லாம் விடை கிடைத்த பிறகுதான் பாடத்துக்கு இடம்.

அதனால் தீர்வு மிரட்டல் இல்லை. போவதற்கு முந்தைய நாளே வகுப்பில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுதான். பஸ் எத்தனை மணிக்கு, எங்கே இறங்குவோம், எங்கே சாப்பிடுவோம், என்னென்ன அறைகள் இருக்கும் என்று கரும்பலகையில் ஒரு படம் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். பெண் பிள்ளைகளுக்குக் கழிவறை விஷயத்தைத் தெளிவாகச் சொல்வது ரொம்ப முக்கியம். அதற்குப் பயந்தே அன்றைக்குத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் மாணவிகள் உண்டு.

ஃபால்க்கும் லின் டியர்கிங்கும் 1997-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், 128 பேரிடம் ஆரம்பப் பள்ளிக் காலக் களப்பயணம் பற்றிக் கேட்டார்கள். 96 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பயணம் நினைவில் இருந்தது. அதில் பெரியவர்களும் அடக்கம்.

பக்கத்தில் என்ன இருக்கிறது?

முதலில் போக வேண்டியது கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம். 1993-ல் தொடங்கப்பட்டது. நாகரசம்பட்டியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். சென்னை எழும்பூரில் 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் பிரமாண்டத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் சின்னதாக இருப்பது பள்ளிக் குழுவுக்கு வசதி. ஒரு காலைப் பொழுதில் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம்.

இந்த வட்டாரத்தின் சிறப்பு நடுகற்கள். 'அது வரலாறு ஆச்சே, அறிவியலுக்கு என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நடுகற்களில் மாடுகளுக்காகச் சண்டையிட்டு இறந்தவர்கள் உண்டு, புலியோடு போராடி இறந்தவர்களும் உண்டு. அப்படியென்றால் இந்த நிலத்தில் புலி நடமாடியிருக்கிறது, காடு ஊரை ஒட்டி இருந்திருக்கிறது. இன்று எது மிச்சம், எது போய்விட்டது என்ற கேள்வியை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் 2014-ல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமும் 2022-ல் காவிரி தெற்கு சரணாலயமும் ஏன் அறிவிக்கப்பட்டன, ஒவ்வொரு ஆண்டும் கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் ஏன் ஓசூர் பக்கம் வருகின்றன என்று பேச்சு தானாகவே போகும்.

இன்னொன்று கல். கிருஷ்ணகிரிப் பிள்ளைகளுக்குக் கல் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, கிரானைட் லாரிக்குப் பின்னால் சைக்கிளில் போய் வளர்ந்தவர்கள். ஆனால் அந்தக் கல்லின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? டைனோசர்கள் எல்லாம் அதற்கு ரொம்பப் பின்னால் வந்தவை. வியாபாரத்தில் 'கிரானைட்' என்று விற்கப்படும் பல கற்களை நிலவியலாளர்கள் 'நைஸ்' என்பார்கள். வேறு பாறைகள் பூமிக்கு அடியில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் மாறி உருவானவை, அதனால்தான் அந்த வரிவரியான அலைகள். தெற்கே தருமபுரி பக்கம் போகப் போக இந்த நைஸ், 'சார்னோக்கைட்' என்ற பாறையாக மாறுவதைப் பார்க்க வெளிநாட்டு ஆய்வாளர்களே வந்து போகிறார்கள். (அந்தப் பெயருக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குச் சென்னை பல்லாவரம் பக்கத்துக் கல்லைத்தான் கொண்டுபோனார்கள். 1893-ல் அதை ஆராய்ந்த ஹாலண்ட், கல்லறைக்காரர் பெயரையே கல்லுக்கு வைத்துவிட்டார்.) கிளம்பும் முன் ஒவ்வொருவரும் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல் எடுத்து வரட்டும். அருங்காட்சியகத்தில் உள்ள பாறை மாதிரிகளோடு ஒப்பிட அதுவே போதும்.

எல்லை தாண்டிப் போனால்?

பெங்களூரு கஸ்தூர்பா சாலையில் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகம் இயந்திரங்களுக்கும் இயற்பியலுக்கும் நல்ல இடம். ஓசூர் தொழிற்சாலைகளில் நாளை வேலைக்குப் போகப்போகும் பிள்ளைகள் பட்டனை அமுக்கி, கைப்பிடியைச் சுற்றி, தாங்களே செய்து பார்க்கலாம். இயற்கை அறிவியல்தான் வேண்டும் என்றால் பன்னார்கட்டா உயிரியல் பூங்கா. அல்லது மைசூருவில் காரஞ்சி ஏரி அருகே 1995-ல் திறக்கப்பட்ட மண்டல இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், டெல்லி அருங்காட்சியகத்தின் கிளை. ஆனால் அது பெங்களூருவைத் தாண்டி இன்னும் சுமார் 145 கி.மீ. ஒரே நாளில் போய் வந்தால் பிள்ளைகள் பஸ்ஸிலேயே தூங்குவார்கள், உள்ளே எதுவும் ஏறாது. எங்கள் கருத்து: இரவு தங்க வசதி இருந்தால் மட்டும் மைசூரு.

பதப்படுத்திய விலங்குகளைப் பார்த்ததும் 'இது நிஜமா?' என்றுதான் முதல் கேள்வி வரும். தோல் நிஜம், கண் கண்ணாடி, உள்ளே இருப்பது அச்சும் திணிப்பும். மைசூருவில் வான் இன்கன் குடும்பம் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி இதையே தொழிலாகச் செய்தது. வேட்டைக்காரர்கள் கொண்டுவந்த புலி, சிறுத்தைத் தோல்கள்தான் அவர்களுக்கு வந்த வேலையில் பெரும்பங்கு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்தக் காலம் முடிந்தது. இதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொல்லலாம்.

ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியவை

தேதி குறிக்கும்போது தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறக்க வேண்டாம். பன்னார்கட்டாவுக்குச் செவ்வாய், மைசூருவுக்குத் திங்கள். முன்கூட்டியே போனில் பேசி, கடிதமும் கொடுத்துவிட்டால் விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். தலைமையாசிரியர், கல்வி அலுவலர் அனுமதியும் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் கட்டாயம் வாங்கிவிடுங்கள். வாடகை பஸ்ஸில் அத்திப்பள்ளி தாண்டுவதாக இருந்தால் கர்நாடகாவுக்கான பெர்மிட் இருக்கிறதா என்று வண்டிக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள். சோதனைச் சாவடியில் இரண்டு மணி நேரம் நின்றால் அன்றைய திட்டமே போச்சு.

60 பேரை ஒரே கும்பலாக உள்ளே விடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர். பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதச் சொல்லும் வேலைத்தாள் வேண்டாம், அதில் எல்லோரும் முதல் பெஞ்சு மாணவியின் நோட்டைத்தான் காப்பி அடிப்பார்கள். 'இங்கே உள்ள விலங்குகளில் உங்க ஊரில் நீங்களே பார்த்தது எது? எங்கே, எப்போ?' என்பது மாதிரி மூன்றே கேள்விகள் போதும், பதில் ஆளுக்கு ஆள் மாறும்.

பணம்? 2015-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய ஆவிஷ்கார் அபியான் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களை அறிவியல் நிறுவனங்களுக்கு அழைத்துப் போக இடமுண்டு. வட்டார வளமையத்தில் கேட்டால் இந்த ஆண்டுக்கு ஒதுக்கீடு இருக்கிறதா என்று சொல்வார்கள். அது கிடைக்காவிட்டாலும் கிருஷ்ணகிரிக்கு டவுன் பஸ் இருக்கிறது. கட்டுச்சோறு கொண்டுபோனால், காசு இல்லை என்பதற்காக வகுப்பில் ஒருவர்கூடப் பின்தங்க வேண்டியதில்லை.