பஞ்சாலைப் பெண்கள் வென்ற தங்கம்



பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் மேடையேறிக் கோப்பை வாங்கும்போது கைதட்டி மகிழ்கிறோம். அந்தக் கோப்பை எங்கிருந்து புறப்பட்டு வந்தது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? கைப்பந்து விளையாட்டின் சரித்திரத்திலிருந்து ஒரு குழுவின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜப்பானில் ஒசாகாவுக்கு அருகே கைசுக்கா என்று ஓர் ஊர். அங்கே நிச்சிபோ என்னும் நூற்பாலை இருந்தது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு ஆலைக்கு வேலைக்கு வந்த பெண்களைக் கொண்டு 1950ஆம் ஆண்டுகளில் அங்கு ஒரு கைப்பந்துக் குழு அமைந்தது. பயிற்சியாளர் ஹிரோபுமி தைமாட்சு. குழுத் தலைவி மாசாயே கசாய்.

ஜப்பான் என்றதும் சயாம் மரண இரயில் பாதைக்குப் போய்த் திரும்பாத நம்ம பாட்டன்மார் நினைவுக்கு வருவார்கள். அது மறக்கக்கூடியதல்ல. ஆனால் இந்தப் பெண்களோ, 1945இல் போர் முடிந்தபோது சிறு பிள்ளைகள். போர் விட்டுச்சென்ற வறுமையில் வளர்ந்தவர்கள்.

அவர்களுடைய அன்றாடம் எப்படி இருந்தது தெரியுமா? காலையில் ஆலை வேலை. வேலை முடிந்து மாலையில் பந்தைத் தொட்டால், நள்ளிரவு வரை பயிற்சி. தைமாட்சு வலப்பக்கமும் இடப்பக்கமும் ஓயாமல் பந்தை எறிவார். பாய்ந்து எடுக்க வேண்டும். விழுந்தால் உருண்டு எழுந்து அடுத்த பந்துக்குத் தயாராக நிற்க வேண்டும். தள்ளிவிட்டாலும் எழுந்து நிற்கும் ஜப்பானிய பொம்மையைப் பார்த்து அவருக்கு உதித்த யோசனை அது. நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரிதான்! அந்த உருளல் முறையைப் பிற்பாடு உலகமே கற்றுக்கொண்டது.

1960இல் உலகப் போட்டியில் ஜப்பானுக்கு இரண்டாம் இடம். 1962இல் மாஸ்கோவில், சோவியத் குழுவை அவர்கள் மண்ணிலேயே வென்று உலக வெற்றியாளரானார்கள். அத்துடன் ஓய்வு பெற்றுக் கலியாணம் காட்சி என்று போக நினைத்தார்கள். கசாய்க்கு அப்போது 29 வயது. விட்டார்களா மக்கள்? ஒலிம்பிக்கிலும் ஆட வேண்டும் என்று கடிதங்கள் குவிந்தன. பெண்கள் யோசித்தார்கள், மறுபடியும் களத்தில் இறங்கினார்கள்.

1964 தோக்கியோ ஒலிம்பிக்கில்தான் கைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஜப்பானிய மகளிர் குழுவின் 12 பேரில் 10 பேர் அந்த ஒரே ஆலையைச் சேர்ந்தவர்கள்! அக்டோபர் 23ஆம் நாள், கடைசி ஆட்டம். எதிரே மீண்டும் சோவியத் குழு. முதலிரண்டு சுற்றுகள் 15–11, 15–8 என ஜப்பானுக்கு. மூன்றாவதில் எதிரணி விடாமல் நெருங்கி வந்தது. 14 புள்ளி எடுத்தபின்னும் அந்த ஒரு புள்ளி கைக்கு எட்டவில்லை. முடிவில் எதிரணியின் கை வலையைத் தாண்டியது. தவறு! 15–13. தங்கம் கிடைத்தது. தோக்கியோ வட்டாரத்தில் 100க்கு 66 வீடுகளுக்கு மேல் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்ததாகக் கணக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தைமாட்சுவின் பயிற்சி கொடுமையானது என்று ஜப்பானிலேயே குறை சொன்னவர்கள் உண்டு. நள்ளிரவு வரை பிள்ளைகளை வாட்ட வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். வளரும் பிள்ளைக்குத் தூக்கமும் வேண்டும், படிப்பும் வேண்டும்.

நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பெண்கள் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அல்லர். கூலி வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்கு ஆட ஓர் இடம் கிடைத்தது, நேரம் கிடைத்தது, சொல்லிக் கொடுக்க ஓர் ஆள் கிடைத்தார். மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

பால்மரம் சீவிய கைகளில் வளர்ந்த பரம்பரை நம்முடையது. நம்ம பிள்ளைகளுக்குத் திறமை குறைச்சலா? ஆரம்பப் பள்ளியில் துள்ளி ஆடிய பெண்பிள்ளை, இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் திடலை மறந்துவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், "பொம்பளப் புள்ளைக்குப் பந்து எதுக்கு?" என்று வீட்டில் சொன்னார்களாம்.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் மகள் பயிற்சிக்குப் போகக் கேட்டால், கைசுக்கா பெண்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். காலணி வாங்கிக் கொடுங்கள். முடிந்தால் திடல் ஓரமாக வந்து உட்காருங்கள். மாணவிகளே, விழுவதற்கு அஞ்சாதீர்கள். உருண்டு எழுந்து நில்லுங்கள். அடுத்த பந்து வருகிறது!