மற் பஸ்பி: மீண்டும் எழுந்த அணி
ஸ்கொத்லாந்துச் சுரங்கத் தொழிலாளர் குடும்பத்தில் 1909 இல் பிறந்தவர் மற் பஸ்பி. மஞ்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் அணிகளில் உதைபந்தாடிப் புகழ்பெற்ற அவர், 1945 இல் மஞ்செஸ்டர் யுனைடெட்டின் முகாமையாளரானார். அதன் மைதானமோ போர்க்காலக் குண்டுவீச்சிற் சிதைந்து கிடந்தது. பள்ளிப் பருவத்தினரைப் பயிற்றி அவர் உருவாக்கிய இளம் அணி, 1956 இலும் 1957 இலும் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்றது. லீக் அதிகாரிகள் விரும்பாதபோதும், அவ்வணியை ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்கு அழைத்துச் சென்றவரும் அவரே.

1958 பெப்ரவரி 6 ஆம் நாள், பெல்கிரேட்டிலிருந்து திரும்பும் வழியில், மியூனிக்கில் மேலெழ முயன்ற விமானம் விபத்துக்குள்ளாயிற்று. மாண்ட 23 பேரில் எண்மர் ஆட்டக்காரர். தம்மால் நேர்ந்ததோ என்னும் வேதனை, உயிர்தப்பிய பஸ்பியை வாட்டியது. எனினும் பணிக்கு மீண்டார். புதிய அணியொன்றைக் கட்டினார். 1968 இல் பென்பிக்காவை 4–1 என வென்று அதே கிண்ணத்தைப் பெற்றபோது, அணித்தலைவராய் நின்றவர் மியூனிக்கில் உயிர்தப்பிய பொபி சார்ள்டன்.

இறந்தோரை மீட்டல் எவர்க்கும் இயலாது. அவர் தொடங்கியதை நிறைவேற்றுதலே எஞ்சியோர் கடன்.