ஆணவ மலமும் ஆழ்மனமும்

திருவில்லிபுத்தூர் என்றதும் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பெருமையும், வானளாவிய கோபுரமும் நினைவிற்கு வருதல் இயல்பு. அவ்வூரை ஒட்டிய மடவார்விளாகத்தே வைத்தியநாதப் பெருமான் எழுந்தருளியிருத்தலைச் சைவ நன்மக்கள் அறிவர். பேறுகாலத்தே துணையின்றித் தவித்த பெண்ணொருத்திக்கு இறைவன் தாய்வடிவில் வந்து மருத்துவம் பார்த்தான் என்றும், மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் தம்மை வருத்திய நோய் இத்தலத்தே நீங்கப்பெற்றுத் திருப்பணி புரிந்தார் என்றும் தலவரலாறு கூறும். உடல்நோயை நோயாளன் தானே அறிந்து மருத்துவனிடம் உரைப்பான். உயிர்நோயோ தன்னை நோயென்றே காட்டாது. தன் குறையைத் தானே காணாத ஒருவன் அதனினின்றும் நீங்குவது எங்ஙனம்? மேனாட்டு உளநூலார் சென்ற நூற்றாண்டில் எழுப்பிய வினாவும் இதுவே. அவ்வினா தென்னாட்டை அணுகிய வரலாறும், அதற்குச் சித்தாந்தம் தரும் விடையும் ஈண்டு ஆராயப்படும்.

வியன்னா நகர மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு கனவுகளைப் பற்றிய தம் பெருநூலை 1900-ஆம் ஆண்டிட்டு வெளியிட்டார். மனத்தின் பெரும்பகுதி மனிதன் அறியாவாறு மறைந்து கிடக்கின்றதென்பதும், அவன் விரும்பாது ஒடுக்கிய எண்ணங்கள் அங்கிருந்தே அவனை ஆட்டுகின்றன என்பதும் அவர் கொள்கை. இந்நாட்டில் அதனை முதற்கண் வளர்த்தவர் கிரீந்திரசேகர போஸ்; அவர் 1922-ல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். பிராய்டுடன் சிலகாலம் உழைத்து 1913-ல் பிரிந்த சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்ல் யுங், ஒருவன் தன்னுடையதென ஒப்ப மறுத்த இயல்புகளின் தொகுதியை 'நிழல்' என்றார். தன் நிழலைக் காணாதவன் அதனைப் பிறர்மேல் ஏற்றிப் பகைக்கின்றான். கண்டு தனதென ஒப்புபவனே முழு மனிதனாக வளர்கின்றான் என்பது அவர் துணிபு.

இந்திய விஞ்ஞானப் பேரவையின் வெள்ளிவிழா 1938 சனவரியில் கல்கத்தாவில் நிகழ்ந்தது. அதற்கு அழைக்கப்பெற்று யுங் 1937-ன் இறுதியில் இந்தியா போந்தார். கல்கத்தாவில் வயிற்றுநோயால் பத்துநாள் மருத்துவமனையிற் கிடந்தார். பின்னர்த் தெற்கே வந்தார். சென்னை வரை வந்தும் திருவண்ணாமலைக்குச் செல்லாதே விடுத்தார். ஞானியரைத் தேடிச் சென்று அவர்தம் உண்மையைக் கடனாகப் பெறுதலினும், தமக்குத் தாமே கண்டதுகொண்டு நிற்றலே தமக்குத் தகும் என்பது அவர் பின்னர்க் கூறிய காரணம்.

அவர் காணாது சென்ற இரமண முனிவர் 1879 திசம்பர் 30-ல் திருச்சுழியிற் பிறந்தவர். சுந்தரமூர்த்தி நாயனார் திருப்பதிகம் பெற்ற திருச்சுழியல் அதுவே. 1985-ல் அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் திருச்சுழியும் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் இன்று ஒருங்கே உள்ளன. இளமையிற் பெரியபுராணத்தை ஓதி உருகிய அவர், 1896-ல் தம் பதினாறாம் அகவையில், மதுரையில் மரணபயம் திடீரெனப் பற்ற, 'இறப்பது யாது' எனத் தம்முள்ளே நோக்கினார். அதன்பின் மீனாட்சியம்மை கோயிலில் அறுபத்துமூவர் திருமுன் நின்று கண்ணீர் பெருக்கினார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அண்ணாமலை சேர்ந்தார்.

அம்முனிவரைப் பற்றி ஜெர்மானிய அறிஞர் ஹைன்ரிக் சிம்மர் எழுதிய நூல், அவர் 1943-ல் மறைந்தபின், 1944-ல் யுங்கின் முன்னுரையோடு வெளிவந்தது. அதில் யுங் குறிக்கும் நிகழ்ச்சியொன்று நோக்கத்தக்கது. இராசபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடருக்கு அப்பாலுள்ள திருவனந்தபுரத்தில் அவர் முனிவரின் அடியவர் ஒருவரைக் கண்டார். பள்ளியாசிரியர் நிலையினரான அவ்வெளிய மனிதர் ஞானத்தை நாடியும் குடும்பச் சுமையை இறக்கி வைத்திலர். அவரை யுங் மிகவும் மதித்தார். 'நான்' என்பது முற்றும் கரைந்தொழிதல் வேண்டும் என்னும் கொள்கையே அவர்க்கு இடரளித்தது. அறிபவன் ஒருவன் இல்லையாயின் அறிவு என்பது யாருக்கு நிகழும் என்பது அவரது தடை.

இத்தடையைச் சித்தாந்த நெறி நின்று ஆராய்வாம். ஆன்மாவுக்கு ஆணவம் செம்பிற் களிம்புபோல அநாதியே உடனுள்ளது. எனினும் அஃது ஆன்மாவின் இயல்பன்று. இதன் கொடுமையை உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருண்மலநிலை என்னும் அதிகாரத்தே நுட்பமாக விளக்கினார். புற இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னை இருளென்று காட்டும். ஆணவமோ பிறிதையும் காட்டாது, தன்னையும் காட்டாது. தன்னை மறைக்கும் மறைப்பு என்னும் இக்கருத்து யுங்கின் நிழலுக்கு அணித்தாதல் வெளிப்படை.

அற்றேல் இரண்டும் ஒன்றோ எனின், அன்று. மனம் அந்தக்கரணங்களுள் ஒன்று; மாயையின் காரியம்; சடம். அது மேலாயினும் ஆழமாயினும் மாயையின் எல்லையைக் கடவாது. ஆணவமோ கரணங்களைப் பற்றியதன்று, உயிரையே பற்றியது. விடியுமளவும் இருளில் ஒருவாறு காணத் துணைசெய்யும் விளக்குப்போல, மாயை தரும் தனுகரணங்கள் உயிருக்குச் சிற்றொளி தருவன. உளநூலார் செய்வது அவ்விளக்கின் திரியைத் தூண்டிக் கண்ணாடியைத் துடைத்தல். அது வேண்டுவதே, அதனை இகழ்தல் கூடாது. ஆயினும் விளக்கைத் தூண்டுதலால் பொழுது விடியாது.

விடியல் எவ்வாறு வரும்? சிவஞானபோதம் எட்டாம் சூத்திரம், வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமரனை உவமையாக்கும். ஐம்புலன்களே அவ்வேடர். தந்தையாகிய அரசன் வந்து 'நீ என் மகன்' என அறிவித்தபோதே அவன் தன்னை அறிகின்றான். அவ்வண்ணமே இறைவன் குருவடிவில் வந்து உணர்த்துகின்றான். பிறர் மனத்தை ஆராயும் மருத்துவன் முதலில் தன் மனத்தை ஆராயப்பெறுதல் வேண்டும் என வற்புறுத்தியவருள் யுங்கும் ஒருவர். கட்டுண்டவன் கட்டுண்டானை விடுவிக்க இயலாதென்னும் உண்மை அங்கும் ஓரளவு உணரப்பட்டது.

இனி, 'நான்' கரைந்தொழியின் அறிபவன் யார் என்னும் தடை சித்தாந்தத்தைத் தாக்காது. முத்தியில் அழிவது ஆன்மா அன்று. ஆணவமும் பொருளாக அழிவதில்லை. ஞாயிற்றின் முன் இருள்போல ஆற்றல் ஒடுங்கிக் கிடக்கும். ஆன்மா இறைவனோடு அத்துவிதமாய் நின்று, அவன் அறிவிக்க அறிந்து, இன்பத்தை நுகரும். 'யான்' என்னும் செருக்கு ஒழியும். நுகரும் உயிர் ஒழியாது. மெய்கண்டார் நூலை 1895-ல் நல்லசாமிப் பிள்ளை ஆங்கிலத்தில் தந்தார். 1912-ல் ஷோமெருஸ் சித்தாந்தக் கொள்கையை யுங்கின் தாய்மொழியாகிய ஜெர்மன் மொழியிலேயே விரித்தெழுதினார். யுங் எழுப்பிய வினாவுக்குரிய விடை இவ்வாறு அவர் காலத்தே அவர் மொழியிலும் இருந்தது.

இவ்வாராய்ச்சியால் அடியார்க்கு விளையும் பயன் ஒன்றுண்டு. அருளாளர் தம்மை நாயினும் கடையராகக் கூறிக்கொண்டதை ஓதுவோர் சிலர், தம்மைத் தாமே வெறுத்தல் பத்தி என மயங்குவர். வேறு சிலர், தம்மை ஏற்றல் என்னும் பெயரால் குற்றத்தையும் குணமாகப் போற்றுவர். இரண்டும் களிம்பையும் செம்பையும் ஒன்றெனக் கொண்ட பிழையே. முன்னவர் களிம்புக்கு அஞ்சிச் செம்பை எறிவர். பின்னவர் களிம்பையே செம்பென அணிவர். குற்றம் என்பால் உளது என மறையாது ஒப்புதலும், அதுவே யான் அல்லேன் எனத் தெளிதலும் ஒருங்கே நிகழ்வதே உண்மையில் தன்னை ஏற்றலாம்.

இதற்குத் துறவு இன்றியமையாததன்று. நெசவுத் தொழிலராகிய நேச நாயனார் கைத்தொழிலை அடியார்க்காக்கி மனத்தைத் திருவடிக்கு ஆக்கினார். 1936-ல் நூற்பாலை எழுந்து தொழில் வளர்ந்த இராசபாளையத்தில் தறியும் கதிரும் இயக்குவோர்க்கும், திருவனந்தபுரத்து எளிய ஆசிரியரை ஒப்பார்க்கும் அந்நெறி திறந்தே உளது. மடவார்விளாகத்து மருத்துவன் முன் நிற்போர் செய்யத்தக்கது, நோயை மறையாது காட்டுதல் ஒன்றே. காட்டும் அவ்வறிவும் அவன் தந்ததே என்று உணருமிடத்து மருந்து வேலைசெய்யத் தொடங்கிற்று என்க.