தொலைவு யார் கணக்கில்? நெய்வேலியில் நூல் வாங்கிய வரலாறு

கடைக்குப் போய் வாங்குவதா, இருந்த இடத்துக்கே வரவழைப்பதா என்ற விவாதம் தமிழில் பெரும்பாலும் பெருநகரத்தை மனத்தில் வைத்தே நடக்கிறது. ஒருபக்கம் தியாகராய நகர் ரங்கநாதன் தெரு, மறுபக்கம் கைப்பேசித் திரை. கடை என்பது காலங்காலமாக இருந்துவந்த ஒன்று, இணையம் நேற்று வந்து அதை விரட்டுகிறது என்ற எண்ணம் இந்த விவாதத்தின் அடியில் கிடக்கிறது. நெய்வேலியில் அந்த எண்ணம் பொருந்தவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக வந்த கடைத்தெரு கிடையாது. ஊரே 1956க்குப் பிறகு வரைபடத்தில் போடப்பட்டது. கடைத்தெருவும் அந்த வரைபடத்திலேயே இடம் ஒதுக்கப்பட்டது. தொலைவிலிருந்து பொருளை வரவழைக்கும் பழக்கமோ அந்த ஊரைவிட மூத்தது.

இந்த வரலாற்றைப் பின்தொடர நூலை ஒரு தடயமாக எடுத்துக்கொள்கிறேன். அரிசி, பருப்பு, துணிமணி எல்லாம் எந்த ஊரிலும் ஏதோவொரு கடையில் கிடைத்துவிடும். நூல் அப்படியல்ல. ஒவ்வொரு தலைப்பும் தனிச் சரக்கு. ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. ஆயிரம் தலைப்புகளை அடுக்கிவைத்தாலும் வாசகர் தேடி வருவது ஆயிரத்தோராவதாக இருக்கலாம். ஒரு படி விற்க ஓராண்டு காத்திருக்க வேண்டிய சரக்கில் சிறுநகரக் கடைக்காரர் எவரும் முதலைப் போட்டு முடக்கமாட்டார். அதனால் கடைக்கும் வாங்குபவருக்கும் இடையிலுள்ள தொலைவை யார் செலவில் கடப்பது என்ற கேள்வி நூல் விஷயத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

வட்டங்களின் ஊர்

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது பழுப்பு நிறப் பொருள் மேலே வந்தது. பழுப்பு நிலக்கரி அங்கே இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் 1956 நவம்பர் 14 அன்று பதிவுபெற்றது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் வெளிப்பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் ஒத்துழைப்புடன் கட்டப்பட்ட முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. சுரங்கத்துக்காகவும் நகரியத்துக்காகவும் பல கிராமங்கள் இடம்பெயர்ந்தன. நெய்வேலியின் எந்த வரலாறும் இதைச் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

நகரியம் வட்டம் வட்டமாகப் பிரிக்கப்பட்டது. குவார்ட்டர்ஸ், பள்ளி, மருத்துவமனை, மைதானம், கடைத்தொகுதி எல்லாமே திட்டமிட்டுக் கட்டியவை. வீடும் நிறுவனத்துடையது, கடை இருக்கும் இடமும் நிறுவனத்துடையது. மெயின் பஜாரும் சூப்பர் பஜாரும் இந்த ஒழுங்குக்குள் எழுந்தவை. எல்லைக்கு வெளியே மந்தாரக்குப்பமும் ஆர்ச் கேட்டை அடுத்த இந்திரா நகரும் தம் போக்கில் வளர்ந்த கடைவீதிகள். மாதச் சம்பளம் தவறாமல் வரும் குடும்பங்கள், தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்கள், எழுத்தறிவு மிகுந்த ஊர் என்று ஒரு நூல் விற்பனையாளர் கனவு காணக்கூடிய எல்லாம் அங்கே இருந்தன. இருந்தும் இலக்கிய நூலுக்கான பெரிய சந்தை சென்னையில்தான் இருந்தது. பள்ளிப் பாடநூல், நோட்டு, வார இதழ் ஆகியவை பஜாரில் கிடைக்கும். ஒரு கவிதைத் தொகுப்பு வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும், அல்லது கார்டு எழுதிப் போட வேண்டும்.

கார்டும் வி.பி.பி.யும்

இரண்டாவது வழி அப்போதே பழையது. இந்திய அஞ்சல் துறை வி.பி.பி. முறையை 1877இலும் மணியார்டரை 1880இலும் கொண்டுவந்தது. வாசகர் பதிப்பகத்துக்கு ஒரு கார்டு எழுதுவார். பதிப்பகம் நூலைக் கட்டி, விலையைக் குறித்து அஞ்சலகத்தில் கொடுக்கும். தபால்காரர் வீட்டு வாசலில் பணத்தை வாங்கிக்கொண்டு பொதியைத் தருவார். வாங்கிய பணம் மணியார்டராகப் பதிப்பாளருக்குத் திரும்பும். முகம் தெரியாத இருவருக்கிடையே நம்பிக்கைக்கு ஈடாக அரசின் ஊழியர் ஒருவர் நின்றார். பஞ்சாங்கமும் சித்த மருத்துவ நூலும் துப்பறியும் நாவலும் தமிழ்நாட்டின் சிற்றூர்களுக்குப் போய்ச் சேர்ந்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வந்த தமிழ் நூல்களின் பின்னட்டை விலைப்பட்டியல்களைப் புரட்டினாலே இது விளங்கும்.

இதில் ஒரு பலவீனமும் இருந்தது. பொதி வந்த நாளில் கையில் பணமில்லை என்றாலோ, மனம் மாறிவிட்டாலோ வாசகர் வாங்க மறுக்கலாம். அப்போது போன கூலியும் பதிப்பாளர் தலையில், திரும்பி வந்த கூலியும் அவர் தலையில். நூற்றாண்டுக்கு மேல் கழித்து இணைய வணிகம் இதே சிக்கலில் வந்து நின்றது. 2010இல் ஃபிளிப்கார்ட் கேஷ் ஆன் டெலிவரியைத் தொடங்கியபோது அது புதுமை என்று பேசப்பட்டது. இந்திய வாடிக்கையாளரின் தயக்கத்தைப் புரிந்துகொண்டதற்காக அந்நிறுவனத்தைப் பாராட்டலாம். ஆனால் அந்தத் தயக்கத்துக்கு விடை காணும் முறையை அஞ்சல் துறை 133 ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறைப்படுத்திவிட்டது.

சோவியத் தொடர்பையும் இங்கே பார்க்க வேண்டும். மாஸ்கோவில் தமிழில் அச்சாகி வந்த நூல்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மிகக் குறைந்த விலையில் தமிழகமெங்கும் கொண்டுசென்றது; வேன்களில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகப் போனது. கடையும் இல்லாமல் அஞ்சலும் இல்லாமல் விற்பனையாளரே தொலைவைச் சுமக்கும் மூன்றாவது வழி இது. இதில் விற்பவரின் வண்டிச் செலவை நூலின் விலை ஈடுகட்டவில்லை. ஒரு கொள்கை அந்தச் செலவை ஏற்றது.

இந்த மண்ணைப் பற்றிய எழுத்துக்கும் இதே நிலைமைதான். மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’யும் ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யும் விருத்தாசலம், நெய்வேலி வட்டாரத்தின் முந்திரிக்காட்டையும் பேச்சையும் பதிவு செய்தவை. அவை சென்னைப் பதிப்பாளர் வழியாக வெளிவந்து, பிறகுதான் இந்தப் பகுதி வாசகருக்குத் திரும்பி வர வேண்டியிருந்தது. எதிர்த்திசையில் ஒரு முயற்சியும் உண்டு. குறிஞ்சிப்பாடியிலிருந்து குறிஞ்சிவேலன் நடத்திய ‘திசை எட்டும்’ மொழிபெயர்ப்புக் காலாண்டிதழ் சிற்றூரிலிருந்து கிளம்பி அஞ்சல் வழியே வாசகரைத் தேடிப் போனது.

ஜூலை மாதத்து அரங்குகள்

1998இல் நெய்வேலி புத்தகக் கண்காட்சி தொடங்கியது. சென்னையில் 1977 முதலே பபாசி கண்காட்சியை நடத்திவந்தது. ஆனால் அது தலைநகரில் பதிப்பாளர்களின் அமைப்பே தன் சரக்குக்கு நடத்திய சந்தை. நெய்வேலியில் நடத்தியது நிலக்கரி வெட்டும் பொதுத்துறை நிறுவனம். ஆண்டுதோறும் ஜூலையில், லிக்னைட் ஹால் வளாகத்தில், பதிப்பாளர்கள் லாரியில் நூல் ஏற்றிக்கொண்டு வந்து அரங்கு போட்டார்கள். நாள்தோறும் எழுத்தாளரையும் பதிப்பாளரையும் பாராட்டினார்கள். தினமணி நாளிதழோடு சேர்ந்து சிறுகதைப் போட்டி நடந்தது. குறும்படப் போட்டியும் மாணவர்களுக்கான கட்டுரைப் போட்டியும் சேர்ந்தன. மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா என்பது அரசின் திட்டமாவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இவையெல்லாம் நடந்தன.

வணிக வரலாற்று நோக்கில் இங்கே நடந்த மாற்றம் பெரிது. நிலையான கடை வைக்க இயலாத சரக்குக்கு ஆண்டில் பத்து நாள் மட்டும் திறக்கும் பெருங்கடை அமைந்தது. ஆண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் தேவை அந்தச் சில நாட்களில் ஓரிடத்தில் குவிந்ததால் பதிப்பாளரின் பயணச் செலவுக்குக் கட்டுபடியானது. வண்டிக்கூலி, ஆட்கூலி, விற்காத நூலைத் திரும்ப ஏற்றும் செலவு ஆகியவை பதிப்பாளருடையவை. இடமும் ஏற்பாடும் நிறுவனத்துடையவை. வாசகருக்கு வழக்கமான பத்து சதவீதக் கழிவு. திருவிழாக் கடைக்குப் பழகிய நிலம் இது. பக்கத்து வடலூரில் தைப்பூசத்தன்று கூட்டம் வருவதும் கடைகள் முளைப்பதும் இப்பகுதி மக்களுக்குப் புதிதல்ல. நாட்காட்டியில் ஒரு நாளைக் குறித்துவைத்து, அதற்கென்று காசு சேர்த்து வாங்கும் அந்தப் பழக்கத்தைக் கண்காட்சி நூலுக்குப் பெற்றுத்தந்தது. மாதத் தொடக்கத்தில் சம்பளம் வாங்கும் ஊருக்கு ஜூலையின் முற்பகுதி பொருத்தமான காலம் என்பதும் என் கணிப்பு.

கண்காட்சி தந்ததில் விலையைவிட முக்கியமானது வேறொன்று. கார்டு எழுதி வாங்குபவர் நூலின் பெயரை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அரங்குக்குள் நுழைபவருக்கு அந்தத் தேவையில்லை. சமையல் நூலுக்கு வந்தவர் பக்கத்து அடுக்கில் இருக்கும் அயோத்திதாசரை எடுத்துப் புரட்டலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் கையில் உள்ள முப்பது ரூபாய்க்கு எது வரும் என்று அரங்கு அரங்காகத் தேடலாம். இப்படி அறியாத நூலைக் கண்டெடுப்பதற்கு அஞ்சலில் வழியில்லை. இணையம் பரிந்துரைப் பட்டியல் தருகிறது. ஆனால் அது ஏற்கெனவே தேடியதை ஒட்டியே நீள்கிறது. கடையின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

திரையில் வந்த கடை

இந்தியாவில் இணைய வணிகத்தின் பெருவளர்ச்சியும் நூலிலிருந்தே கிளம்பியது. 2007 அக்டோபரில் பெங்களூரில் தொடங்கிய ஃபிளிப்கார்ட் முதலில் விற்றது நூல்களை மட்டுமே. அதன் முதல் வாடிக்கையாளர் இருந்தது பெருநகரில் அல்ல, மகபூப்நகரில். கடை எட்டாத ஊரின் வாசகர்தான் இணையத்தை முதலில் நாடினார் என்பது நெய்வேலிக்கும் பொருந்தும் செய்தி. 2013 ஜூனில் அமேசான் இந்தியாவுக்கு வந்தது. தமிழ் நூல்களுக்கோ உடுமலைப்பேட்டையிலிருந்து இயங்கும் உடுமலை.காம் போன்ற விற்பனையாளர்கள் தனி வழி வகுத்தார்கள். சென்னைக்கு வெளியே இருந்துகொண்டு எல்லா ஊர்களுக்கும் தமிழ் நூல் அனுப்பலாம் என்று அவர்கள் காட்டியதை மிகப் பெரிய திருப்பமாகவே மதிக்கிறேன். 2016 டிசம்பரில் கிண்டில் தமிழை ஏற்றது. 2020இல் ஃபிளிப்கார்ட், அமேசான் இரண்டும் தமிழிலேயே பயன்படுத்தும் வசதியைத் தந்தன.

நெய்வேலியின் அமைப்பு இந்த வணிகத்துக்கு ஏற்றது. வட்டம், சாலை, குவார்ட்டர்ஸ் எண் என்று தெளிவான முகவரி இருப்பதால் டெலிவரி செய்பவர் வழி கேட்டு அலைய வேண்டியதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன் தபால்காரருக்கு உதவிய அதே ஒழுங்குதான் இப்போது பார்சல் பையனுக்கும் உதவுகிறது. நகரியத்துக்கு வெளியே மறுகுடியமர்ந்த ஊர்களில் இந்த வசதி அதே அளவில் இல்லை.

இதற்கிடையே நெய்வேலி பஜார் வாடிவந்தது; அந்த வாட்டத்தை முழுக்க இணையத்தின் கணக்கில் எழுதுவது சரியல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நெய்வேலி நகரியத்தில் 2001இல் 1,28,133 பேர் இருந்தார்கள். 2011இல் 1,05,731 பேர். பத்தாண்டில் இருபத்திரண்டாயிரம் பேருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள். இது இணைய வணிகம் சிற்றூர்களில் வேரூன்றும் முன்பே நடந்தது. ஓய்வுபெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்ய வேண்டும். அந்த இடத்துக்குப் புதியவர் வராதபோது கடைக்காரருக்கு ஒரு குடும்பத்தின் வரவு நின்றுபோகிறது. நிறுவனம் உண்டாக்கிய சந்தை நிறுவனத்தோடு சேர்ந்தே சுருங்கும். 2016 நவம்பரின் பணமதிப்பு நீக்கமும் 2020 மார்ச்சின் ஊரடங்கும் இதன்மேல் விழுந்த அடிகள். 2020 ஜூலையில் கண்காட்சியும் நடக்கவில்லை. வாசகருக்குத் திரை ஒன்றே வழியாக இருந்தது. தொற்றுக்காலம் கடந்ததும் அரங்குகள் மீண்டும் எழுந்தன. வி.பி.பி. இருந்தபோதே கண்காட்சி பிறந்தது, இணையம் வந்த பிறகும் அது நிலைக்கிறது என்றால், ஒன்று மற்றொன்றை அழிக்கும் என்ற கணிப்பை மறுபடி ஆராய வேண்டும்.

தொலைவின் செலவு மறைந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பெருந்தளங்கள் வாசகருக்குக் காட்டும் கழிவின் பெரும்பகுதி பதிப்பாளர் தரும் தள்ளுபடியிலிருந்தும் தளத்துக்குக் கட்டும் கட்டணத்திலிருந்தும் வருகிறது. பிரான்ஸ் இதை அரசின் பொறுப்பாக எடுத்துக்கொண்டது. 1981ஆம் ஆண்டின் லாங் சட்டம் நூல் விலையில் ஐந்து சதவீதத்துக்கு மேல் கழிவு தரக்கூடாது என்றது. 2023 அக்டோபர் முதல் 35 யூரோவுக்குக் குறைந்த நூல் கொள்முதலுக்கு இணைய நிறுவனங்கள் குறைந்தது 3 யூரோ அனுப்புக் கட்டணம் வாங்க வேண்டும் என்ற விதியும் வந்தது. இந்தியாவில் அப்படிச் சட்டமில்லை. பத்து சதவீதம் என்பதும் வழக்கம் மட்டுமே. மாறாக, இங்கே 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சல் நிறுத்தப்பட்டது. சிறு பதிப்பாளர்கள் குறைந்த கூலியில் நூலனுப்ப நம்பியிருந்த வழி அது. அஞ்சல் துறை அதை மீண்டும் தொடங்க வேண்டும், தமிழ்ப் பதிப்புலகம் அதற்காக ஒன்றுபட்டுக் குரல் கொடுக்க வேண்டும்.

கெட்டி அட்டையில் 800 ரூபாய்க்கு வரும் நாவலுக்கு அனுப்புக் கூலி பெரிய பாரமல்ல. 50 ரூபாய்க்கு வரும் சிறுவர் நூலுக்கு, அறிவியல் சிறுநூலுக்கு, முதல் கவிதைத் தொகுப்புக்கு அந்தக் கூலி விலையையே எட்டிப் பிடித்துவிடும். நெய்வேலி அரங்கில் அந்தச் சிறுவர் நூல் 45 ரூபாய், வேறு செலவில்லை.