கணவாய் ஏறி வந்த யன்னல்

தென்மேற்குப் பருவமழை சமவெளியைக் கடந்து மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது அதன் முதல் அறையை வாங்கிக்கொள்வது கடுகண்ணாவைக் கணவாய். கணவாயின் விளிம்பில் நிற்கும் எங்கள் வீட்டில் அந்த அறையைத் தாங்குவது கூடத்து மேற்கு யன்னல். பாட்டனார் வீட்டை வாங்கிய காலத்திலேயே பழையதாயிருந்த அந்த இரட்டைக் கதவு யன்னலின் அடிச்சட்டம் சென்ற ஆண்டு மழையோடு இற்றுப்போய், விரலால் அழுத்தினால் நனைந்த பிண்ணாக்குப் போல அமுங்கிற்று. அலுமினியத்தில் புதிதாகப் போட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று கடைக்காரர் ஒருவர் அன்போடுதான் சொன்னார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்த ஊரின் சரித்திரத்தில் ஒரு பெரும்பகுதி அந்தச் சட்டங்களுக்குள்ளேயே கிடக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

யன்னல் என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். சாளரம், பலகணி என்று தமிழில் முன்பே பெயர்கள் இருந்தன. காற்று வரும் வழி என்று பொருள்படும் காலதர் என்னும் அழகிய சொல்லும் இருந்தது. அவற்றையெல்லாம் ஏட்டுக்குள் ஒதுக்கிவிட்டு நம் வாயில் நிலைத்தது போர்த்துக்கேயரின் ஜனேலா. சிங்களரும் ஜனேலய என்றே சொல்கிறார்கள். 1505ஆம் ஆண்டில் இத்தீவில் வந்திறங்கிய போர்த்துக்கேயர் கண்டி இராச்சியத்தைக் கைப்பற்ற எடுத்த முயற்சி எதுவும் நிலைபெறவில்லை. 1594இல் பேரோ லோப்பஸ் டி சூசாவின் தலைமையில் வந்த பெரும்படை, கடுகண்ணாவைக்குச் சில மைல் அப்பாலுள்ள தந்துறையில் அழிந்தது. நமக்கு அண்மையிலிருக்கும் பலனைக் கோட்டை அவர்களுடைய படைகளை மீண்டும் மீண்டும் தடுத்து நின்றது. ஆயினும் படைகளால் தங்க முடியாத மலையில் அவர்களுடைய சொல் குடியேறிவிட்டது. அதன் பின்னர் ஒல்லாந்தரின் சொல்லொன்றும் ஏறிவந்தது; தச்சரையும் மேசனையும் நாம் மரியாதையாக அழைக்கும் 'பாஸ்' என்பது அவர்களுடைய மொழிதான்.

அக்காலத்து வீடுகள் எப்படியிருந்தன என்பதை ரொபர்ட் நொக்ஸ் எழுதிவைத்திருக்கிறார். 1660இல் சிறைப்பட்டு 1679இல் தப்பியோடும் வரை மலைநாட்டிற் கைதியாக வாழ்ந்த அவர், பிற்பகுதியில் நிலம் வாங்கிக் குடியிருந்த எலதெத்த என்னும் கிராமம் இதே உடுநுவரைப் பகுதியைச் சேர்ந்தது. மாடி கட்டவும், ஓடு வேயவும், சுவருக்குச் சுண்ணாம்பு பூசவும் குடிகளுக்கு அரச அனுமதி இல்லை என்பது அவர் தரும் செய்தி. தடியும் களிமண்ணுமாகக் கட்டிப் புல்லால் வேய்ந்த அத்தகைய தாழ்ந்த குடிலில் கண்ணாடி யன்னலுக்கு இடம் ஏது? வசதி படைத்தோர் வீடுகளிலும் விகாரைகளிலும் யன்னல் என்பது கடைசற் பட்டறையில் உருட்டித் திரட்டிய மரக்கம்பிகளின் வரிசை. கதவுகளோ இரும்புப் பிணைச்சலை வேண்டாமல், மேலும் கீழும் நீட்டிய மரக் குடுமியிற் சுழன்றன.

ஆகையால் இந்த மண்ணிலே கைத்திறன் வறுமைப்பட்டிருந்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒரு பிற்பகலில் சுற்றிவரக்கூடிய தூரத்திலே மூன்று ஆலயங்கள் இருக்கின்றன. 1344ஆம் ஆண்டைச் சேர்ந்த கடலாதெனிய விகாரையின் சிற்பி, தென்னிந்தியாவிலிருந்து வந்த கணேஸ்வராசாரி. அதே ஆண்டிலெழுந்த லங்காதிலகத்தைக் கட்டியவர் ஸ்தபதிராயர். லங்காதிலகத்துப் பாறையிற் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் பொறிக்கப்பட்டிருக்கிறது. எம்பக்கை தேவாலயத்து மேள மண்டபத்திலோ, கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் ஒன்றுகூடும் இடத்தை ஒரே ஒரு மர முளை பிடித்து நிற்கிறது. அண்ணாந்து பார்க்கும் போதெல்லாம் எனக்குக் கழுத்து வலிக்கும் வரை கண் இறங்குவதில்லை.

இத்தகைய வினைஞர் கூலிக்கு உழைத்தவரல்லர். அரசனுக்கும் ஆலயத்துக்கும் செய்யும் சேவைக்கு ஈடாக நிலம் பெற்று, தந்தையிடமிருந்து மகன் கற்று வந்தவர்கள். 1815இல் இராச்சியம் வீழ்ந்தபின் அந்த ஏற்பாடு குலைந்ததையும், அதனோடு கைத்திறன் மங்கியதையும் நம் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் ஆழ்ந்த துயரத்தோடு எடுத்துரைத்தார். மண்ணியல் ஆய்வுக்காக ஊரூராய் அலைந்தவர், கல்லைத் தேடிய இடமெல்லாம் கம்மாளரையும் கண்டார் என்பது எத்தனை பெரிய பாக்கியம்!

அதன் பின்னர் கொழும்பிலிருந்து கண்டிக்குத் தெரு வந்தது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸ் தொடக்கிவைத்து, கப்டன் டோசன் திட்டமிட்டு அமைத்த அந்தத் தெருவுக்காக மக்கள் இராஜகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தில் மலையை வெட்டினார்கள். டோசன் 1829இல் மறைந்தார். அவர் ஞாபகமாக 125 அடி உயரக் கோபுரம் 1832இல் நமது ஊரில் எழுந்தது. அதே 1832இல் இராஜகாரியம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோபுரத்தைப் பார்க்கும் பிரயாணிகளில் எத்தனை பேர் இந்த ஒற்றுமையை நினைக்கிறார்களோ தெரியாது. நிலத்தோடு கட்டுண்டிருந்த உழைப்பு கூலியாக மாறிய ஆண்டின் அடையாளமாகவே நான் அதைப் பார்க்கிறேன். பின்னர் 1867இல் புகையிரதம், 45 அடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தில் மூச்சிரைத்துக்கொண்டு இந்தக் கணவாயைக் கடந்து கண்டியை அடைந்தது. மாட்டுவண்டியிற் குலுங்கி நொறுங்கக்கூடிய கண்ணாடித் தகடும், வார்ப்பிரும்புக் கொண்டியும், பித்தளைத் தாழ்ப்பாளும் பெட்டி பெட்டியாக ஏறிவர அப்போதுதான் வழி பிறந்தது.

எங்கள் யன்னலின் கண்ணாடியை நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. தலையை மெல்ல அசைத்தால், எதிரே நிற்கும் பத்தலேகலப் பாறையின் தட்டையான உச்சி நீருக்குள் இருப்பது போல நெளியும். வாயால் ஊதி உருளையாக்கி, நீளவாக்கிற் பிளந்து, சூளையில் விரித்துத் தட்டையாக்கிய காலத்துக் கண்ணாடிக்கு அந்த நெளிவு இயல்பு. 1959இல் அறிவிக்கப்பட்ட மிதவை முறைக் கண்ணாடியில் அது கிடையாது.

பழுது பார்க்க வந்த முதிய பாஸ், யன்னற் கதவைக் கழற்றி மேசைமேற் கிடத்தியதும் முதலிற் செய்தது சட்டத்தை நனைத்ததுதான். பழைய வெள்ளைப் பூச்சில் ஈயம் இருக்கும். உலரச் சுரண்டினால் அந்தத் தூள் சுவாசத்தோடு உள்ளே போகும். ஆளிவிதை எண்ணெயும் சுண்ணத்தூளும் பிசைந்து வைத்த மக்கு கல்லாய் இறுகியிருந்ததை, கண்ணாடியிற் படாமல் சூடு காட்டி இளக்கி எடுப்பதற்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் சென்றது. அதன் பின்னர் மூலைகளைத் தடவிப் பார்த்து, "மாத்தையா, இதிலே பசையும் இல்லே, இரும்பாணியும் இல்லே" என்றார் தமிழில். கழுந்து துளைக்குள் நுழைந்து, குறுக்கே ஒரு மர ஆணியால் இறுக்கப்பட்டிருந்தது. ஆணியைப் பின்புறமிருந்து தட்டியவுடன் நான்கு சட்டங்களும் சேதமின்றித் தனித்தனியாக வந்தன. இற்றுப்போன சட்டம் ஒன்றுக்காக முழு யன்னலையும் எறியும்படி அதைச் செய்தவர் விட்டுவைக்கவில்லை.

நன்கு உலர்ந்த பலாமரத்திற் புதிய அடிச்சட்டம் சீவப்பட்டது. மழைநீர் உட்புறம் ஓடாமல் விளிம்பிலேயே சொட்டிவிடும்படி பழைய சட்டத்தின் அடியிலிருந்த மெல்லிய பள்ளம், பூச்சின்மேற் பூச்சாக ஏறி அடைபட்டிருந்தது. இற்றுப்போனதற்குக் காரணமே அதுதான் என்று பாஸ் காட்டினார். புதிய சட்டத்தில் அதை ஆழமாக வெட்டினார். பூட்டும் வேளையிலேதான், பழைய கழுந்துகளில் உளி முனையால் இட்ட கீறல்களை இருவரும் கண்டோம்: ஒன்றில் ஒரு கீறல், அடுத்ததில் இரண்டு, பின்னர் மூன்று, நான்கு, அவை நுழைய வேண்டிய துளைகளின் ஓரத்திலும் அதே எண்ணிக்கை. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று அந்தப் பெயரறியாத தச்சர் தமக்காக வைத்துக்கொண்ட கணக்கு. பாஸ் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு மெல்லிய உளியொன்றை எடுத்து, புதிய சட்டத்தின் ஒரு கழுந்தில் மூன்று கீறலும் மறு கழுந்தில் நான்கு கீறலும் இட்ட பின்னரே அவற்றைத் துளைக்குள் செலுத்தினார்.