சுருக்குப்பை

சுருங்கு தன்வினை, சுருக்கு பிறவினை. நாடாவை இழுத்தால் வாய் சுருங்கிக்கொள்ளும் துணிப்பை சுருக்குப்பை. நடுவில் 'ப்' மிகுவதைக் கவனியுங்கள். வினைத்தொகை என்றால் 'ஊறுகாய்' போல ஒற்று மிகாது. இங்கே 'சுருக்கு' பெயர்ச்சொல். சுருக்கை உடைய பை என்று விரியும். சுருக்குக் கயிற்றில் இருப்பதும் இதே சுருக்குதான்.

எங்கள் சின்ன ஆச்சி, அம்மாவைப் பெற்ற ஆச்சிக்குத் தங்கை. அவள் இடுப்பில் செருகிய பையில் வெற்றிலை, களிப்பாக்கு, சுண்ணாம்பு டப்பி, அடியில் 1943ஆம் வருட ஓட்டைக் காலணா ஒன்று. 1957இல் நயா பைசா வந்த பிறகும் அதை அவள் விடவில்லை. மிட்டாய்க்குக் காசு எடுக்கும்போது புகையிலை வாசனையோடு அதுவும் வெளியே வரும். ஓட்டையில் நூல் கோத்து என் கழுத்தில் போட்டுவிடுவாள். சாயங்காலம் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வாள்.